விண்டோஸ் 11க்கு மாறிய மறுநாள் எழும்பாத எக்ஸ்பி: திருகோணமலை அச்சகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது 2025 ஒக்டோபரில் திருகோணமலை நகரத்துச் சிறிய அச்சகம் ஒன்றில் நடந்தது. உரிமையாளரிடமும் அங்கே டைப்செட்டிங் செய்யும் அக்காவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். நான் அந்த அச்சகத்தில் வேலை செய்பவன் இல்லை; கணினியில் பழுதென்றால் அவர்கள் கூப்பிடும் ஆள். பழைய மென்பொருளை விர்ச்சுவல் மெஷினுக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்து ஓட்டுகிற அச்சகங்களும் ஸ்டூடியோக்களும் நம் பக்கம் இருக்கின்றன. அவர்களில் விண்டோஸ் 10ஐ விட்டு இன்னும் மாறாதவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

## பின்னணி

மத்திய வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது அச்சகம். கல்யாண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்பார்கள். ஆனால் ஊரில் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தியேட்டி நினைவு மலர்கள்தான். ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம் அது. இறந்தவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும், தேவார திருவாசகம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் அஞ்சலி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். நாளைத் தள்ளிப்போட முடியாத வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்தியேட்டி என்றால் திங்கட்கிழமை வந்து சேரும் மலரால் அந்த வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை.

இந்த மலர்களை அக்கா இருபது வருடத்துக்கு மேலாகப் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் செய்கிறார். எழுத்துரு பாமினி. பாமினி யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல என்பது பலருக்குத் தெரியும். அது என்ன சிக்கலை உண்டாக்கும் என்பது ஒரு நாள் அகப்பட்டால்தான் விளங்கும். பாமினியில் டைப் செய்த கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துரு இருக்கும் கணினியில் அவை தமிழாகத் தெரியும்; இல்லாத கணினியில் பொருளில்லாத ஆங்கிலக் குவியலாகத் தெரியும். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. அதன் கோப்பை நேராகத் திறக்கக்கூடிய இன்டிசைன் (அதற்குப் பின் வந்த வடிவமைப்பு மென்பொருள்) பதிப்புகள் சிஎஸ்6 உடன் நின்றுவிட்டன. ஆகவே பழைய மலர் ஒன்றை எடுத்து ஒரு பெயரைத் திருத்தி மறுபடி அடிக்க வேண்டுமென்றால் பேஜ்மேக்கரும் பாமினியும் சேர்ந்து ஓடும் ஒரு கணினி வேண்டும்.

அந்தக் கணினி ஒரு பழைய பென்டியம். விண்டோஸ் எக்ஸ்பி. 2020 தொடக்கத்தில் அது செத்துப்போனது. அப்போது அங்கே உதவிக்கு வந்த ஒருவர் புதிய கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1ஐப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை நிறுவி, பேஜ்மேக்கரையும் முப்பதுக்கு மேற்பட்ட எழுத்துருக்களையும் பழைய கோப்புகளையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். நல்ல வேலை செய்திருந்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், அதில் எக்ஸ்பிக்கு 1 ஜிபி. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடியது. அக்கா அதை 'உள் கொம்பியூட்டர்' என்றுதான் சொல்வார்.

இரண்டு பழக்கங்களை இங்கேயே குறித்துவிடுகிறேன், பிறகு இரண்டும் வரும். ஒன்று, அக்கா மாலையில் எக்ஸ்பியை ஷட் டவுன் செய்வதில்லை. ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் விர்ச்சுவல்பாக்ஸ் மூன்று தெரிவுகளைக் காட்டும். முதலாவது, இருக்கும் நிலையை அப்படியே சேமித்து மூடுவது. அதையே தெரிந்துகொள்வார். மறுநாள் காலை திறந்தால் விட்ட பக்கம், விட்ட வரி, கர்சர் உட்பட அப்படியே இருக்கும். மற்றது, உரிமையாளர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்பியின் விடிஐ கோப்பை (அதன் ஹார்ட் டிஸ்க்காக நிற்கும் கோப்பு) வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்.

## போயா நாளில் நடந்த மாற்றம்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்துகொண்டே இருந்தது. ஒக்டோபர் 6, திங்கட்கிழமை, போயா (பௌர்ணமி) விடுமுறை. உரிமையாளரின் பெறாமகன், உயர்தரம் முடித்து கணினி படிக்கிற பையன், அச்சகம் பூட்டியிருந்த அன்று வந்து விண்டோஸ் 11ஐ ஏற்றினான். கணினி தகுதியானது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இருந்தது, ஆவணங்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்கினான். இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பிரிண்டர் ஓடுகிறதா, இணையம் வருகிறதா என்று பார்த்தான், இரண்டும் சரி.

எல்லாம் முடிந்த பிறகு கீழே கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கும் கேடயக் குறியில் ஒரு மஞ்சள் முக்கோணம் தெரிந்தது. திறந்து பார்த்தால், மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறது, உங்கள் கணினி பாதிக்கப்படலாம் என்றது. பொத்தானை இயக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்தான். மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. வீட்டுக்குப் போனான்.

பையன் செய்ததில் பிழை என்று நான் நினைக்கவில்லை. எச்சரிக்கையைப் பார்த்தான், அது சொன்னபடி செய்தான். விர்ச்சுவல்பாக்ஸை மட்டும் திறந்து பார்க்கவில்லை. அது அவன் பயன்படுத்தும் ஒன்றல்ல.

## செவ்வாய் காலை

அக்கா எட்டரைக்கு வந்து வழக்கம்போல உள் கொம்பியூட்டரை இயக்கினார். விடி-எக்ஸ் (விர்ச்சுவல் மெஷினை ஓட்டச் செயலியில் உள்ள வசதி) இல்லை என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றது. பெறாமகனுக்குப் போன் செய்தார்கள். அவன் இணையத்தில் தேடி, விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' என்பதற்குச் சரி போட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொன்னான். செய்தார்கள். இப்போது செய்தி மாறியது: சேமித்த நிலையை மீட்க முடியவில்லை. மறுபடி தேடியதில் அடுத்த அறிவுரை கிடைத்தது: சேமித்த நிலையைக் கைவிடு, அப்போது எக்ஸ்பி புதிதாக எழும்பும்.

அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒரு மலரின் தேவாரப் பக்கங்களை டைப் செய்துகொண்டிருந்திருக்கிறார். கோப்பைச் சேவ் செய்தாரா என்பது நினைவில்லை. 'கைவிடு' என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் போன் செய்து சொன்னார்: "தம்பி, உள் கொம்பியூட்டர் எழும்புதில்லை. ஆனா அது சாகேல்ல போல கிடக்கு. நீங்க வந்து பார்க்குமட்டும் நான் ஒண்டிலும் கை வைக்கேல்ல."

அந்த மலரின் அந்தியேட்டி வருகிற ஞாயிறு, 12ஆம் திகதி. 300 பிரதிகள். வெள்ளிக்கிழமை அடித்தாக வேண்டும்.

இந்த நிகழ்வில் மிகச் சரியான தீர்மானம் எது என்று கேட்டால் அக்கா கை வைக்காமல் விட்டதைத்தான் சொல்வேன். சேமித்த நிலை என்பது எக்ஸ்பியின் ஹார்ட் டிஸ்க் அல்ல. மூடிய கணத்தில் அதன் நினைவகத்தில் இருந்தது முழுவதும் ஒரு தனிக் கோப்பாக எழுதப்பட்டது. அதைக் கைவிடுவதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் வயரைப் பிடுங்குவதும் ஒன்று. டிஸ்க்கில் எழுதப்படாதது எதுவும் மிஞ்சாது.

## பார்த்தவை

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் முக்கால் மணி நேரம் நான் தவறான இடத்தில் தேடினேன். விடி-எக்ஸ் இல்லை என்று முதலில் சொன்னதென்றால் பயோஸில் அது அணைந்திருக்கும் என்று நினைத்து, ரீஸ்டார்ட் செய்து பயோஸுக்குள் போனேன். இயங்கித்தான் இருந்தது. டாஸ்க் மேனேஜரிலும் மெய்நிகராக்கம் இயங்குகிறது என்றே காட்டியது. விண்டோஸ் அம்சங்களில் ஹைப்பர்-வி (விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதி) பெட்டியில் சரி இல்லை. காலையில் போட்ட ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மில் மட்டும்தான் சரி இருந்தது. அது போடுவதற்கு முன்னரே பிழை வந்திருக்கிறது என்று அக்கா உறுதியாகச் சொன்னார். அப்படியானால் விடி-எக்ஸை யார் வைத்திருக்கிறார்கள்?

கணினித் தகவல் பக்கத்தைத் திறந்து கீழே வரை போனபோது விடை இருந்தது. மெய்நிகராக்கம் சார்ந்த பாதுகாப்பு: இயங்குகிறது. அதற்குக் கீழே, ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அடித்தள மென்பொருள்) ஒன்று கண்டறியப்பட்டது என்ற வரி. பிறகுதான் திங்கட்கிழமை மஞ்சள் முக்கோணத்துக்குப் பையன் என்ன செய்தான் என்பதைக் கேட்டு அறிந்தேன்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை வேகமாக ஓட்டச் செயலியிலேயே ஒரு வசதி இருக்கிறது. இன்டெலில் அது விடி-எக்ஸ், 2005இலிருந்து வருகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதை நேரடியாகக் கையில் வைத்திருக்க முடியும். மெமரி இன்டெக்ரிட்டி என்பது வைரஸ் தடுப்பு போல மேலே ஓடும் ஒரு மென்பொருள் அல்ல. விண்டோஸின் கருவுக்குள் கள்ளக் குறியீடு நுழையாமல் காவல் காக்க, விண்டோஸுக்கும் அடியில் ஒரு சிறு ஹைப்பர்வைசரை எழுப்பி, அதன் மேல் விண்டோஸையே உட்கார வைக்கிறது. அந்த ஹைப்பர்வைசர் விடி-எக்ஸை எடுத்துக்கொள்ளும். ஹைப்பர்-வி என்ற பெட்டியில் சரி போடாமலே இது நடக்கும். ஆகவே அந்தப் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு அது இல்லை என்று முடிவு கட்டினால் பிழையாகிவிடும். நான் அன்று அப்படித்தான் முக்கால் மணி நேரத்தை இழந்தேன்.

காலையில் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மை இயக்கியதும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஒரு பின்கதவு திறந்தது. விடி-எக்ஸை நேராகத் தொட முடியாவிட்டாலும் விண்டோஸின் ஹைப்பர்வைசரிடம் கேட்டு வேலையை முடிக்கலாம். ஆனால் அந்த வழியாக எக்ஸ்பிக்குக் காட்டப்படும் செயலியின் அம்சங்கள் சனிக்கிழமை இருந்தவை அல்ல. நினைவகப் படம் ஒரு செயலியை நம்பி எடுக்கப்பட்டது; இப்போது முன்னால் நிற்பது வேறு முகம். அதனால் மீட்பு நின்றது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. எக்ஸ்பியின் கோப்புறைக்குள் லாக் என்ற உள்கோப்புறையில் விர்ச்சுவல்பாக்ஸ் தான் செய்வதை எல்லாம் எழுதி வைக்கிறது. அதில் விடி-எக்ஸ் கிடைக்காததால் மாற்று வழிக்குப் போகிறேன் என்ற வரியும், அதன் பிறகு நத்தை வேகத்தில் ஓடுகிறேன் என்ற பொருளில் இன்னொரு வரியும் இருந்தன. நத்தை என்ற சொல்லே அதில் இருக்கிறது.

## முதலில் நகல், பிறகுதான் மற்றது

எதையும் மாற்றும் முன் எக்ஸ்பியின் கோப்புறை முழுவதையும் என் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். ஏறத்தாழ 27 ஜிபி. கால் மணி நேரம் ஆனது. உரிமையாளர் பக்கத்தில் நின்று, "தம்பி, நேரம் போகுது" என்றார். உண்மைதான். ஆனால் சேமித்த நிலை சரியாக மீண்டதும் விர்ச்சுவல்பாக்ஸ் அந்தக் கோப்பை அழித்துவிடும். மீண்ட பிறகு நடுவில் கரண்ட் போனாலோ எக்ஸ்பி உறைந்தாலோ திரும்பிப் போக இடமில்லை. அந்தக் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. யூபிஎஸ் பாட்டரி தாங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம்.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது கோப்புறையை மேலோட்டமாகப் பார்த்தேன். விடிஐ கோப்பின் திகதி 2020 மார்ச் என்றிருந்தது. அது ஏன் என்று அந்த நேரத்தில் நின்று யோசிக்கவில்லை. அன்று இரவுதான் மனதில் உறைத்தது. கீழே எழுதுகிறேன்.

## எடுத்த தீர்மானமும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. மேம்படுத்திய பத்து நாட்களுக்குள் விண்டோஸ் 10க்கே திரும்பலாம். பழைய கோப்புகளை விண்டோஸ் அதுவரை வைத்திருக்கும். ஆனால் ஒரே வாரத்தில் ஆதரவு முடியும் பதிப்புக்கு, அதுவும் அவசர வேலையின் நடுவில், முழுக் கணினியையும் திருப்புவது பெரிய அசைவு. ஒரு பொத்தானால் வந்ததை ஒரு பொத்தானால் முதலில் திருப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இரண்டாவது, நிலையைக் கைவிட்டு நத்தை வேகத்திலேயே ஓட்டுவது. அக்காவின் பக்கங்கள் போய்விடும் என்பதால் அதைத் தொடவில்லை. மூன்றாவது, மெமரி இன்டெக்ரிட்டியையும் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மையும் அணைத்து, சனிக்கிழமை இருந்த சூழலுக்கு எக்ஸ்பியைக் கொண்டுபோவது. மூன்றாவதை எடுத்தோம், வெள்ளிக்கிழமை வரை மட்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கணினியில்தான் வாடிக்கையாளர்களின் பென் ட்ரைவ்கள் நாள் முழுவதும் செருகப்படுகின்றன. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள், மின்னஞ்சல், வங்கி வேலை எல்லாம் அதிலேயே. அப்படி ஒரு கணினியில் காவலை அணைத்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆகவே அந்த நான்கு நாட்களும் பென் ட்ரைவ்களை முன் மேசைக் கணினியில் மட்டும் திறப்பது, எக்ஸ்பியின் வலைப்பின்னல் அட்டையை விர்ச்சுவல்பாக்ஸில் கழற்றிவிடுவது என்று பேசிக்கொண்டோம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. அதற்கு இணையம் தர ஒரு காரணமும் இல்லை.

அணைக்கும் முன் பிட்லாக்கர் குறியாக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். தொடக்க அமைப்புகளை மாற்றும்போது கணினி அதைக் கேட்டு நிற்கக்கூடும். இரண்டையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்த பிறகு கணினித் தகவல் பக்கத்தில் மெய்நிகராக்கம் சார்ந்த பாதுகாப்பு இயங்கவில்லை என்று வந்தது. சில கணினிகளில் இதற்குப் பிறகும் இயங்குகிறது என்றே காட்டும். அங்கே பிசிடிஎடிட் ஆணையால் ஹைப்பர்வைசர் தொடங்குவதையே நிறுத்த வேண்டியிருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

## எக்ஸ்பி எழும்பியது

மதியம் ஒன்றே முக்கால். அக்காவைத்தான் இயக்கச் சொன்னேன். சதவீதக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. பச்சைப் புல்வெளிப் பின்னணி ஓரத்தில் தெரிய, நடுவே பேஜ்மேக்கர். பதினான்காம் பக்கம். தேவாரம் ஒன்றின் மூன்றாம் அடியில் ஒரு சொல் பாதியில் நின்றது. அதன் முடிவில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. அக்கா முதலில் சேவ் செய்தார். பிறகு விட்ட சொல்லை முடித்தார். பிறகு மறுபடி சேவ் செய்தார். அதற்குப் பிறகுதான் கதிரையில் சாய்ந்தார்.

சேவ் செய்யாமல் இருந்தது பதினோராம் பக்கத்திலிருந்து. நான்கு பக்கம். காலையில் கைவிட்டிருந்தால் அவை போயிருக்கும். தேவாரத்தைத் திரும்ப டைப் செய்துவிடலாம். ஆனால் அதில் இரண்டு பக்கம், இறந்த அம்மாவின் மகள் கனடாவிலிருந்து போனில் சொல்லச் சொல்ல அக்கா நேராக டைப் செய்த அஞ்சலி. அதற்குக் கையெழுத்துப் பிரதி கிடையாது. அதை அவர் சொன்னபோதுதான் காலையில் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்கு விளங்கியது.

கோப்பைப் பகிர்வுக் கோப்புறை வழியாக வெளியே எடுத்து, இன்னொரு பென் ட்ரைவிலும் வைத்தோம். பிறகு எக்ஸ்பியை ஸ்டார்ட் பொத்தான் வழியாக முறைப்படி ஷட் டவுன் செய்து, மறுபடி எழுப்பிப் பார்த்தோம். ஒரு நிமிடத்துக்குள் எழும்பியது. மாலையே புரூப் எடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழன் திருத்தம், வெள்ளி அச்சு. சனிக்கிழமை காலை மலர்கள் போய்ச் சேர்ந்தன.

## ஐந்து வருட பேக்கப்

செவ்வாய் இரவு வீட்டில் அந்த 2020 மார்ச் திகதி மனதில் வந்தது. நாள்தோறும் வேலை செய்யும் டிஸ்க் கோப்பு ஐந்து வருடமாக மாறாமல் இருக்க முடியாது. என் நகலைத் திறந்து பார்த்தேன். விடிஐ 9 ஜிபி, 2020 மார்ச். ஸ்னாப்ஷாட் என்ற உள்கோப்புறையில் நீண்ட எண்களைப் பெயராகக் கொண்ட இன்னொரு விடிஐ, 17 ஜிபி, திகதி அன்றைய நாள்.

நடந்தது இதுதான். எக்ஸ்பியை அமைத்துக் கொடுத்தவர், எல்லாம் சரியாக ஓடியதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார், ஏதாவது பிழையானால் அந்த நாளுக்குத் திரும்பலாம் என்று. நல்ல எண்ணம். ஆனால் ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து மூல விடிஐயில் ஒரு எழுத்துக்கூட எழுதப்படுவதில்லை. அதன் பிறகு நடப்பது எல்லாம் ஸ்னாப்ஷாட் கோப்புறையிலுள்ள வேறுபாட்டுக் கோப்பில்தான் சேரும். உரிமையாளர் மாதக்கணக்கில் பொறுப்போடு நகல் எடுத்து அலுமாரியில் பூட்டி வைத்தது ஒவ்வொரு முறையும் அதே 2020 மார்ச் கோப்பு. கணினியின் டிஸ்க் ஒரு நாள் போயிருந்தால் ஐந்து வருட மலர்களில் ஒன்றுகூட அலுமாரியில் இருந்திருக்காது.

மறுநாள் இதை அவரிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அலுமாரி டிஸ்க்கைத் திறந்து பத்துக்கு மேற்பட்ட நகல்களின் திகதிகளையும் அளவுகளையும் காட்டினேன். எல்லாம் ஒரே அளவு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் வச்சிருந்தது வெறும் பெட்டியோ?" என்று கேட்டார். அண்ணை, பெட்டி வெறுமையில்லை, 2020 வரைக்கும் அதில் இருக்கிறது என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மலர் அச்சாகி முடியும் வரை ஸ்னாப்ஷாட்டில் கை வைக்கவில்லை. சனிக்கிழமை, எக்ஸ்பி முறையாக ஷட் டவுன் ஆன நிலையில், முழுக் கோப்புறையின் புது நகல் எடுத்த பிறகு, ஸ்னாப்ஷாட்டை நீக்கினேன். நீக்குவது என்ற சொல் இங்கேயும் பயமுறுத்தும். ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் போவது பழைய நாளுக்குத் திரும்பும் வழி மட்டும். அதற்குப் பின் சேர்ந்தவை மூல விடிஐயில் கலந்துவிடும். கலந்து முடிய நாற்பது நிமிடம் ஆனது. அதன் பிறகு ஒரே விடிஐ, அன்றைய திகதி.

## நிலையான ஏற்பாடு

சனிக்கிழமை மெமரி இன்டெக்ரிட்டியையும் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மையும் மறுபடி இயக்கி, மாற்று வழியில் எக்ஸ்பி எப்படி ஓடுகிறது என்று சோதித்தோம். ஒருவேளை தாங்கக்கூடியதாக இருந்தால் வேறு மாற்றமே தேவையில்லை. ஜன்னலின் கீழ்ப்பட்டையில் வழமையான குறிக்குப் பதில் ஒரு பச்சை ஆமை வந்தது. எக்ஸ்பி எழும்ப நான்கு நிமிடத்துக்கு மேல். அக்கா வேகமாக டைப் செய்பவர். எழுத்துகள் அவர் விரலுக்குப் பின்னால் மூன்று நான்காகச் சேர்ந்து வந்தன. படம் உள்ள பக்கத்தை நகர்த்தினால் துண்டு துண்டாக வரைந்தது. அரை மணி நேரம் முயன்றுவிட்டு, இதில் வேலை செய்ய ஏலாது என்றார்.

பின் அறையில் நான்காம் தலைமுறை இன்டெல் கணினி ஒன்று சும்மா கிடந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாதது. என் வீட்டுக்குக் கொண்டுபோய் லினக்ஸ் மின்ட் 22ஐயும் அதன் களஞ்சியத்திலேயே உள்ள விர்ச்சுவல்பாக்ஸ் 7.0ஐயும் போட்டு, எக்ஸ்பியின் முழுக் கோப்புறையையும் அதில் இறக்கினேன். மெய்நிகர் வன்பொருள் அதேதான் என்பதால் எக்ஸ்பி இடம் மாறியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கணினிக்கு இணையம் கிடையாது. கோப்பு கொண்டுபோக வர என்று ஒரு பென் ட்ரைவை ஒதுக்கி அக்கா சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். வேறு எந்தக் கணினியிலும், வாடிக்கையாளர் கையிலும் அது போவதில்லை. முன்னால் உள்ள விண்டோஸ் 11 கணினியில் காவல் இயங்கிய நிலையில் இருக்கிறது.

லினக்ஸுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அங்கே கேவிஎம் என்ற உள்ளமைந்த வசதி இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 கருவிலிருந்து (கெர்னல்) அது ஏறிய உடனேயே விடி-எக்ஸைப் பிடித்துக்கொள்ளும். விர்ச்சுவல்பாக்ஸ் மறுபடி வெறுங்கையோடு நிற்கும். இந்தக் கணினியில் கரு 6.8, இணையமும் இல்லாததால் தானாக மாறாது. ஆனால் இணையத்தோடு இருக்கும் லினக்ஸ் கணினியில் ஒரு கரு மேம்படுத்தலே இந்தச் செவ்வாய்க்கிழமையைத் திரும்பக் கொண்டுவரலாம்.

## இன்னொரு தடவை என்றால்

மேம்படுத்தும் முன்பு விர்ச்சுவல் மெஷினை முறைப்படி ஷட் டவுன் செய்யச் சொல்வேன். நிலையைச் சேமித்து மூடுவது நாளாந்த வேலைக்கு வசதியானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடியிலுள்ள கணினி மாறப்போகும்போது அதை நம்பக் கூடாது. நகல் எடுத்தால் கோப்புறை முழுவதும் எடுக்க வேண்டும், விடிஐ மட்டும் அல்ல. எடுத்த நகலை வேறொரு கணினியில் ஒருதடவை எழுப்பி, சென்ற வாரத்துக் கோப்பு அதில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அச்சகத்தில் அதை ஒரே ஒருமுறை செய்திருந்தாலும் 2020 வெளிப்பட்டிருக்கும்.

என் பங்கிலும் ஒரு மாற்றம். அங்கே பல வருடமாகப் போய்வருகிறேன். பிரிண்டரைப் பார்த்தேன், வலைப்பின்னலைப் பார்த்தேன். எக்ஸ்பி நன்றாக ஓடுகிறதே என்று அதன் கோப்புறையைத் திறந்து பார்த்ததில்லை. இப்போது போகும் இடங்களில் எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ் இருந்தால் முதலில் ஸ்னாப்ஷாட் கோப்புறையைப் பார்க்கிறேன். அந்த ஒக்டோபருக்குப் பிறகு இன்னும் இரண்டு இடத்தில் இதே கதை.

பேஜ்மேக்கரை விட்டு வெளியேறும் வேலையும் தொடங்கியிருக்கிறது. புதிய அழைப்பிதழ்களை அக்கா யூனிகோடில் செய்கிறார். பாமினியின் விசைப் பழக்கத்திலேயே யூனிகோடு எழுத்து வரச் செய்யும் மென்பொருள் இருப்பதால் விரல் அதிகம் தடுமாறவில்லை. 'கொ' என்று அடிக்கும்போது மட்டும் கொம்பு எப்போது வரும் என்று கை தயங்குகிறது என்கிறார். பாமினியில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கோப்பில் இருக்கும். யூனிகோடில் மெய்தான் முதலில். பழைய மலர்களை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டால் எழுத்து வந்துவிடும், பக்க அமைப்பு வராது. ஆகவே அவற்றை மாற்றாமல், ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆக்கி வைக்கிறோம். வியாழக்கிழமைப் பின்னேரங்களை அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இதை எழுதும்போது 2013 வரை முடிந்திருக்கிறது.